இருநூறு கோடி வருஷத்து வெளிச்சமும் நாலு மஞ்சள் விளக்கும்

விளக்குக் கடை மேலாளர் ஒருவருக்கு வானத்தைப் படம்பிடிக்கிற பைத்தியமும் பிடித்தால் எப்படியிருக்கும் என்று யாராவது கேட்டால், அவருடைய மனைவி வாயைத் திறக்காமல் மொட்டைமாடிப் பக்கம் கையைக் காட்டுவாள். மனிதர் பகலெல்லாம் ஊருக்கு வெளிச்சம் விற்பார். பொழுது சாய்ந்ததும் மாடிக்கு ஏறி, ஊரில் மருந்துக்குக்கூட இருட்டு இல்லையே என்று அலுத்துக்கொள்வார்.

அந்த வெளிச்சத்தில் பாதிக்கு ரசீது போட்டவர் அவர்தான். மாடிச் சுவரோரம் நின்று பார்த்தால் ஒவ்வொரு விளக்கையும் அவரால் அடையாளம் சொல்ல முடியும். மருந்துக் கடைப் பலகைக்கு மேலே எரிவது தள்ளுபடியில் போனது. பின்தெருவில் கார் நிறுத்துமிடத்தைப் பட்டப்பகலாக்கிக்கொண்டிருப்பது அவரே நேரில் போய்க் கோணம் பார்த்து மாட்டிக்கொடுத்தது. குளியலறைக்கு ஒரு சின்ன பல்பு கேட்டு வந்தவரிடம் வாசலுக்கு ஒன்றும் மாடிக்கு ஒன்றுமாக ஃப்ளட்லைட் விற்று அனுப்பிய கதையை, புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கெல்லாம் முதலாளி இன்றைக்கும் சொல்லுவார். பல்பு கேட்டு வந்த அந்த மனிதர் இரண்டு வீடு தள்ளித்தான் குடியிருந்தார். அவர் வீட்டு மாடி விளக்கு, விளக்குக்காரரின் டெலஸ்கோப்பைப் பார்த்து ராத்திரி பூராவும் இளித்துக்கொண்டிருந்தது.

அவர் சேர்ந்திருந்த வானம் பார்க்கும் குழுவில் அவருக்கு 'மெகாவாட்' என்று பெயர். வைத்தவர் குழுவை ஆரம்பித்த பல் டாக்டர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கூட்டங்களில் யாராவது ஊர் வெளிச்சத்தைத் திட்ட ஆரம்பித்தால், "மெகாவாட் இருக்கார், பாத்துப் பேசுங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். விளக்குக்காரரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வரும் வழியில்தான் அது கொஞ்சம் உறுத்தும்.

அவரிடம் இருந்தது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கண்ணாடி வைத்த குழாய். அது வானத்தோடு சேர்ந்து மெதுவாகத் திரும்புவதற்கு மோட்டார் வைத்த தாங்கி. குழாயின் பக்கவாட்டில் ஒரு கேமரா. அந்தக் கேமராவில் பொத்தானும் கிடையாது, பார்ப்பதற்குத் திரையும் கிடையாது, வண்ணமும் வராது. இருப்பதிலேயே விலை உயர்ந்த கேமரா என்று கேள்விப்பட்டு தன் மகனின் பிறந்தநாளுக்கு இரவல் கேட்க வந்த மச்சினன், அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது தண்ணிக் குழாய் மூடி மாதிரி இருக்கே மாமா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

நிலாவையும் சனிக்கோளையும் எடுக்கிறவர்கள் மேல் அவருக்குக் கொஞ்சம் இளக்காரம். அவர் குறி வைத்தது ஒரு கேலக்ஸிக் கூட்டத்தை. ஒரு கேலக்ஸி இல்லை, நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் மொய்த்துக்கொண்டிருக்கிற கூட்டம். அதிலிருந்து கிளம்பிய வெளிச்சம் இங்கே வந்து சேர இருநூறு கோடி வருஷம் ஆகிறது. "அது கிளம்பினப்ப பூமியில மனுஷனும் இல்லை, மிருகமும் இல்லை. வெறும் கிருமிதான்" என்று மனைவியிடம் சொன்னார். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். "எங்க ஆளுங்க அப்பவே வந்தாச்சு. நீங்கதான் லேட்டு" என்றாள்.

இவ்வளவு தூரத்து வெளிச்சத்தை ஒரே படத்தில் பிடிக்க முடியாது. மூன்று நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். அந்தப் படத்தில் ஒன்றும் இருக்காது. அப்படி ஒன்றுமில்லாத படங்களை நூற்றுக்கணக்கில் சேர்த்து, கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால், ஏதோ இருக்கிற மாதிரி தோன்றும். கண்ணாடியில் இருக்கிற தூசியின் நிழலைக் கழித்துக் கட்டுவதற்காக, டெலஸ்கோப்பின் வாய்க்கு வெள்ளைப் பனியனை இழுத்துக் கட்டி அந்தி வானத்தைப் பார்த்துத் தனியாகச் சில படங்கள் எடுப்பார். பனியனைக் காயப்போட இவ்வளவு பெரிய ஏற்பாடா என்று பக்கத்துக் கட்டடத்தில் பேசிக்கொண்டார்கள்.

கஷ்டம் என்னவென்றால், அந்தக் கூட்டம் வருஷத்தில் இரண்டு மாதந்தான் அவருக்கு வசமாக வரும். அதுவும் இருட்டியதிலிருந்து ஒன்பது மணிவரைதான். அப்புறம் அது சாய்ந்து பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விடும். இருநூறு கோடி வருஷம் தடையில்லாமல் ஓடிவந்த வெளிச்சம் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் முட்டி நின்றுவிடுவதை நினைத்தால் அவருக்கு ஆறாது.

போன வருஷம் எடுத்ததை வீட்டில் காட்டியிருந்தார். சாம்பல் நிறத்தில் ஏழெட்டுத் திட்டுகள். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவனமாகத்தான் பார்த்தாள். "ஸ்லைடு இப்படி வந்தா கழுவிட்டு மறுபடி போடச் சொல்லுவேன்" என்றாள். இந்த வருஷம் யாரும் வாயைத் திறக்க முடியாத படமாக எடுத்துவிடுவது என்று அவர் தீர்மானம் செய்துகொண்டார்.

அந்த இரண்டு மாதம் தொடங்கவிருந்த வாரத்தில்தான் கடைக்கு விசில் அக்கா வந்தாள்.

அவர் வீட்டுக்கு எதிரே ஒரு மைதானம் உண்டு. அங்கே பெண்களுக்கு வாலிபால் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். பகலில் வங்கியில் காசாளர். சாயங்காலம் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டால் வேறு ஆள். குழுவில் இருந்த பெண்களில் பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் கல்லூரியில் படிக்கிறவர்கள். அவருடைய மகளும் அதில் இருந்தாள். பந்தைத் தூக்கிக் கொடுக்கிற இடம் அவளுடையது. எல்லாரும் வந்து சேர்ந்து வலையைக் கட்டி முடிப்பதற்குள் இருட்டிவிடும். அதற்காக விளக்கு வேண்டும் என்று ஒரு வருஷமாக மைதானக் கமிட்டியிடம் நடையாய் நடந்து, இப்போது விசில் அக்கா அனுமதி வாங்கியிருந்தாள். கூடவே மகளும் வந்திருந்தாள்.

"அண்ணா, கிரவுண்டுக்கு லைட் போடப்போறோம். நல்லா பளிச்சுனு, பகல் மாதிரி இருக்கணும்" என்றாள் விசில் அக்கா.

விளக்குக்காரர் ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்தார். "எத்தனை மணி வரைக்கும்மா எரியும்?"

"இருட்டினதுலேர்ந்து ஒன்பது வரைக்கும்."

தண்ணீர்த் தொட்டியோடு பேசி வைத்துக்கொண்டு வந்தமாதிரி இருந்தது. அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அப்புறம் அவர் வாயிலிருந்து வந்த பேச்சு, அந்தக் கடையில் அதுவரை யாரும் கேட்டிராதது.

"ரொம்ப வெளிச்சம் கூடாதும்மா. கண்ணு கூசும். பூச்சி மொய்க்கும். பந்து மேலே போறப்ப அண்ணாந்து பாக்கணும் இல்லையா, அப்ப நேரா லைட் கண்ணுல அடிச்சா என்ன ஆகும்? இப்பெல்லாம் மென்மையான வெளிச்சம்தான். மஞ்சளா, இதமா. நாலு போதும்."

கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"நாலு போதுமா?" விசில் அக்கா சந்தேகமாக இழுத்தாள். "வேற ஊர் கிரவுண்டுல எல்லாம் பெரிசு பெரிசா எட்டு, பத்துனு..."

"அதெல்லாம் விக்கறவன் தலையில கட்டறது" என்றார் விளக்குக்காரர். சொன்ன பிறகுதான் தானும் அந்த ஜாதி என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

மகள் குறுக்கே வந்தாள். "அப்பா சொன்னா சரியா இருக்கும் அக்கா. லைட்டுலயே ஊறினவர்."

அதைக் கேட்டபோதாவது அவர் நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. தோட்டத்து நடைபாதைக்குப் போடுகிற மஞ்சள் விளக்கு நாலுக்குத் துண்டுச்சீட்டு எழுதி குடோனுக்கு அனுப்பிவிட்டு, "நானே வந்து மாட்டித் தர்றேன்மா" என்றும் சொன்னார். விசில் அக்கா கைகூப்பினாள்.

விளக்குகள் எரிய ஆரம்பித்தன. மாடியிலிருந்து பார்த்தால் மைதானத்தின் நாலு மூலையிலும் யாரோ பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்பதுபோலத் தெரிந்தது. வானத்துக்கு ஒரு சேதமும் இல்லை. கேமரா தன்பாட்டுக்கு மூன்று நிமிஷத்துக்கு ஒன்றாக எடுத்துத் தள்ளியது. விளக்குக்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழேயிருந்து பந்து தட்டுகிற சத்தம் வரும். ஒரு தட்டு, இரண்டு தட்டு. அப்புறம் சத்தமே இருக்காது. "எங்கே போச்சு?" என்று ஒரு குரல் கேட்கும். "உன் காலுகிட்டதாண்டி" என்று இன்னொரு குரல். அப்புறம் விசில். அவர் லேப்டாப்பில் ஓடுகிற பாட்டின் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வார்.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் மகள் சொன்னாள். "எங்க எல்லாருக்கும் கண்ணு செக் பண்ணணுமாம்மா. விசில் அக்கா சொல்லிட்டாங்க."

"எல்லாருக்குமா? ஏன்?" என்றாள் மனைவி.

"பந்து யாருக்குமே தெரிய மாட்டேங்குது. நான் தூக்கிக் கொடுக்கறேன், அடிக்க வேண்டியவ சும்மா கையை வீசிட்டு எங்கனு தேடறா. செல்போனைப் பாத்துப் பாத்துக் கண்ணு போச்சுன்றாங்க அக்கா."

விளக்குக்காரர் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "செல்போன் கெடுதல்தான்" என்று முணுமுணுத்தார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் தனியாக இருந்தால்கூட அவருக்கு முகம் சூடாகிவிடும்.

மொத்தக் குழுவும் கண்ணாடிக் கடைக்குப் போய் வரிசையில் உட்கார்ந்து எழுத்துப் படித்துக் காட்டியது. ஒருத்திக்கும் ஒரு குறையும் இல்லை. கடைசி வரியையே கடகடவென்று படித்தார்களாம். கண்ணில் குறை இல்லையென்றால் கவனத்தில்தான் குறை என்று விசில் அக்கா முடிவுக்கு வந்தாள். கவனம் வருவதற்காக மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டாள். பந்து தவறினால் ஒரு சுற்று. அந்த வெளிச்சத்தில் பந்து தவறாமல் என்ன செய்யும்? பெண்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். மகள் வீட்டுக்கு வந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு சோபாவில் சாய்ந்துகொள்வாள். தைலத்தின் நெடி கூடம் முழுக்க அடிக்கும். விளக்குக்காரர் அந்தப் பக்கம் போகாமல் சமையலறை வழியாகச் சுற்றிக்கொண்டு மாடிக்குப் போவார்.

கையில் நல்ல படங்கள் சேர்ந்துகொண்டே வந்தன. இன்னும் ஒரு வாரம், அப்புறம் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அந்த ஒரு வாரம் முடிந்ததும் இன்னும் ஒரு வாரம்.

அடுத்த சனிக்கிழமை வெளியூர் அணி ஒன்றை விளையாட அழைத்திருந்தார்கள். புதிதாக விளக்குப் போட்ட பெருமையில் விசில் அக்கா ஆட்டத்தைச் சாயங்காலத்துக்கு வைத்துவிட்டாள். விளக்குக் கடை முதலாளிக்கும் அழைப்பு. "நீங்க வரலையாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"மேலேர்ந்து பாக்கறேன்மா. இங்கேர்ந்து கிரவுண்டு முழுசா தெரியும்."

தெரிந்தால்தானே. இருட்டியபிறகு அவருக்குக் கேட்டது சத்தம் மட்டும்தான். அதுவும் அவர் வழக்கமாகக் கேட்கிற சத்தம்தான், ஆள் மட்டும் இரண்டு மடங்கு. இரண்டு அணியும் பந்தைத் தேடின. பார்க்க வந்தவர்கள் "அதோ, அதோ" என்று வழிகாட்டினார்கள். பிறகு தொப்பென்று ஒரு சத்தம், தொடர்ந்து நீளமான விசில். எல்லாக் குரலும் ஒரே இடத்துக்கு ஓடின. மகளின் குரல் வருகிறதா என்று ஒரு கணம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வரவில்லை. செருப்பை மாட்டாமலே படியிறங்கி ஓடினார்.

அடிபட்டது மகளுக்கு இல்லை. விருந்தாளி அணியின் கேப்டன் மூக்கில் பந்து விழுந்து ரத்தம் வந்திருந்தது. நாற்காலியில் உட்காரவைத்து ஐஸ் கட்டி வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். அவள் வலியைவிட ஆச்சரியத்தில்தான் இருந்தாள். "நீங்க தினமும் இந்த இருட்டுலதான் ஆடறீங்களாக்கா?" என்று விசில் அக்காவைக் கேட்டாள். "எங்க ஊர்ல கரண்ட் போனாத்தான் இப்படி இருக்கும்."

விசில் அக்கா அண்ணாந்து விளக்கைப் பார்த்தாள். அத்தனை நாளும் பெண்களின் கண்ணையே பார்த்தவள், அன்றைக்குத்தான் விளக்கைப் பார்த்தாள். முதலாளியும் கம்பத்தடிக்கு வந்து கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்த்தார்.

"இது தோட்டத்துக்குப் போடற லைட்டாச்சே" என்றார். பிறகு விசில் அக்காவிடம் திரும்பினார். "தப்பு எங்க மேலதாம்மா. குடோன்ல பெட்டி மாத்தி அனுப்பிட்டான். ரெண்டு மாசமாவே அந்த ஆளுக்கு ஞாபகம் சரியில்லை. நாளைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடறேன்."

குடோன்காரருக்கு இருபது வருஷ சர்வீஸ். பெட்டி எண்ணை இரண்டு தடவை படித்துப் பார்க்காமல் ஒரு பல்பைக்கூட வெளியே விடமாட்டார். விளக்குக்காரர் கூட்டத்துக்குப் பின்னால் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். அப்படியே நழுவி வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு யோசனை வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"குடோன்ல தப்பு இல்லை சார்" என்றார். "எழுதிக் கொடுத்ததே நான்தான்."

முதலாளி திரும்பினார். "நீயா? உனக்குத் தெரியாதாப்பா இது பத்தாதுனு?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சு எதுக்குய்யா?"

எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஐஸ் வைத்துக்கொண்டிருந்த கேப்டன்கூட அதை எடுத்துவிட்டுப் பார்த்தாள். நல்லவேளையாக வெளிச்சம் போதவில்லை.

"நான் மாடியில படம் எடுக்கறேன். ஒரு கேலக்ஸி. கேலக்ஸிக் கூட்டம். ரொம்ப மங்கலா இருக்கும். வெளிச்சம் வந்தா வராது. அதான்..."

சொல்லிமுடித்தபோது அவருக்கே அது தாங்கவில்லை. இத்தனை வருஷமாக உலகத்திலேயே உயர்ந்த காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தது, மைதானத்தில் நாலு பேருக்கு நடுவில் வாய்விட்டுச் சொல்லும்போது, மாங்காய் திருடிப் பிடிபட்டவன் பேச்சுபோல இருந்தது.

விசில் அக்கா கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "நான் இவங்களை எவ்வளவு ஓடவிட்டேன் தெரியுமாண்ணா?" என்று மட்டும் கேட்டாள். மகள் வலையைக் கழற்றப் போய்விட்டாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

அதிலிருந்து மகள் அவரோடு பேசுவதை நிறுத்தினாள். சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. அவர் ஒரு மேஜையோ நாற்காலியோபோலச் சுற்றிக்கொண்டு போனாள். ஏதாவது தேவையென்றால், "அம்மா, அவரைக் கொஞ்சம் தள்ளிக்கச் சொல்லு, சார்ஜரை எடுக்கணும்" என்பாள். அவர் தள்ளிக்கொள்வார்.

கடையில் முதலாளி மன்னித்துவிட்டார். குடோன்காரரிடம் அவர் நேரில் போய்ச் சொன்னபோது, "உங்களால ஏற்கெனவே நான் தூக்கம் கெட்டவன் சார்" என்றார் குடோன்காரர். "எங்க வீட்டு எதிர்ல ஒரு லைட் வித்தீங்களே, ஜன்னல் வழியா நேரா தலையணையில விழுது." அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார்.

ஒரு ராத்திரி மனைவியிடம் புலம்பினார். "நான் என்ன பண்ணியிருக்கணும்ன்ற?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வெளிச்சமும் வேணும், வானமும் கெடக் கூடாதுன்னா வழியே இல்லையா? லைட்டைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். நன்றாகத் தெரியும். பக்கவாட்டிலும் மேலேயும் தகர மறைப்பு வைத்து, வெளிச்சம் முழுவதையும் தரையைப் பார்த்துக் கொட்டுகிற விளக்கு கடையிலேயே இருந்தது. கடைப் பேச்சில் அதற்குக் 'குல்லா விளக்கு' என்று பெயர். அதைப் போட்டிருந்தால் மைதானத்துக்கு இரண்டு மடங்கு வெளிச்சம், வானத்துக்குச் சேதம் ரொம்பக் குறைவு. விசில் அக்கா கடைக்குள் வந்து நின்ற முதல் நிமிஷமே அவருக்கு அது ஞாபகம் வந்தது.

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"எதுக்கு குல்லானு கேப்பாங்க. நான் ஆகாசத்தைப் படம் எடுக்கறேன், எனக்காகப் போட்டுக்கங்கன்னு சொல்லணும். சிரிப்பாங்க."

அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "சிரிப்பாங்கனு பயந்துக்கிட்டா ஒருத்தி மூக்கை உடைச்சீங்க?"

"நான் உடைக்கலை. பந்து" என்று ஆரம்பித்தவர் பாதியில் விட்டுவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. விசில் அக்கா, அவளுக்குப் பின்னால் படிக்கட்டு நெடுக மொத்தக் குழுவும். "எதுக்காக ஓடினோம்னு இவங்க பாக்கணுமாம்" என்றாள். விளக்குக்காரர் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மகளும் வந்து சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அதுவரை அடுக்கிய படத்தை லேப்டாப்பில் திறந்தார். கறுப்புத் திரையில் நட்சத்திரங்கள், நடுவில் மங்கலான திட்டுகள். பெண்கள் தலையோடு தலை முட்டிக்கொண்டு குனிந்தார்கள்.

"எதுங்க மாமா?"

"இதோ, இது. அப்புறம் இது. இந்தப் பக்கம் இருக்கறது எல்லாம்."

"இது அழுக்கு இல்லையா?"

"இல்லைம்மா. ஒவ்வொண்ணும் ஒரு கேலக்ஸி. ஒவ்வொண்ணுலயும் கோடி கோடியா நட்சத்திரம்."

ஒருத்தி திரையை விரலால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. "போகலை அக்கா, நிஜந்தான்" என்று விசில் அக்காவிடம் சொன்னாள். யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அவர்கள் சிரித்தார்கள்தான். அவர் பயந்த மாதிரி அதில் ஒன்றும் இல்லை. இருநூறு கோடி வருஷம் என்று சொன்னபோது சிரிப்பு நின்று, "நாங்க பாக்கற இந்த வெளிச்சமேவா?" என்று ஒருத்தி கேட்டாள். அவர் ஆமாம் என்றார்.

விசில் அக்காதான் காரியத்துக்கு வந்தாள். "சரிண்ணா. உங்களுக்கும் கெடாம எங்களுக்கும் தெரியற மாதிரி ஏதாவது இருக்கா?"

"இருக்கும்மா" என்றார். "முதல்லயே இருந்தது."

குல்லா விளக்கு எட்டு வந்தது. கடை ஆளைவிட்டு மாட்டியிருக்கலாம். ஆனால் கோணம் தானே பார்த்தால்தான் சரியாக இருக்கும் என்று அவர் பிடிவாதமாக ஏணியில் ஏறினார். இதற்கு முன்னால் ஆளை ஏற்றிவிட்டுக் கீழே நின்றே கோணம் சொல்லிப் பழகியவருக்கு, உயரம் என்றால் உதறல் என்பது அதுவரை தெரியாது. டெலஸ்கோப்பில் இருநூறு கோடி ஒளியாண்டு பார்த்தவர், ஒரு மாடி உயரத்தில் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். கீழே நாலு பெண்கள் ஏணியைப் பிடித்திருந்தார்கள். விசில் அக்கா மைதானத்தின் நடுவில் நின்று கட்டளை கொடுத்தாள். ஒரு விசில் என்றால் இடப்பக்கம், இரண்டு விசில் என்றால் வலப்பக்கம். அவர் பதற்றத்தில் மாற்றி மாற்றித் திருப்பினார். கடைசிக் கம்பத்தில் அவர் இறங்க மறந்து நின்றபோது கீழேயிருந்து மகளின் குரல் கேட்டது.

"இடது காலை முதல்ல வைங்கப்பா. நான் பிடிச்சிருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னாள். தரைக்கு வந்ததும் மறுபடியும் அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். ஆனாலும் அவர் அன்றைக்கு ராத்திரி இரண்டு முறை சாதம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வானம் முழுசாகத் தப்பவில்லை. தரையில் கொட்டிய வெளிச்சம் மண்ணில் பட்டு மேலே கிளம்பியது. படங்கள் பழையபடி இல்லை. அப்படியும் எடுக்க முடிந்ததை எடுத்தார். கூட்டம் தொட்டிக்குப் பின்னால் சீக்கிரமே இறங்க ஆரம்பித்து, அந்த வருஷத்துக் கணக்கு முடிந்தது. எல்லாவற்றையும் சேர்த்து அடுக்கிச் சீவிச் சிங்காரித்து, பல் டாக்டருக்கு அனுப்பினார். இருட்டைத் திருடிச் சேர்த்ததாக இருந்தாலும், படம் என்னவோ அவர் எடுத்ததிலேயே சிறந்ததுதான். மனதுக்குள் பாராட்டுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மத்தியானம் ஃபோன் வந்தது. அவர் கூடத்தில் இருந்தார். மகள் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு இருந்ததால் ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டார். அதுவும் அவர் செய்துகொண்ட வினைதான்.

"மெகாவாட், படம் பிரமாதம். திட்டெல்லாம் நல்லா வந்திருக்கு. ஒரே ஒரு சந்தேகம். நீங்க எதைப் படம் எடுத்தீங்க?"

விளக்குக்காரர் வானப் பட்டியலில் அந்தக் கூட்டத்துக்கு உள்ள எண்ணைச் சொன்னார்.

"அது இதுல இல்லையே."

"இல்லையா? நடுவுல இருக்கு பாருங்க டாக்டர்."

"நடுவுல இருக்கறது வேற கூட்டம். நான் வரைபடத்துல பொருத்திப் பாத்துட்டேன். நீங்க டெலஸ்கோப்புக்கு இடத்தைக் கொடுக்கறப்ப ஒரு எண்ணை மாத்திப் போட்டுட்டீங்கன்னு நினைக்கறேன். உங்க கூட்டம் படத்துக்கு வெளியில, இடது ஓரத்துல தப்பிச்சுப் போயிருக்கு."

"ரெண்டு மாசமாவா?"

"ரெண்டு மாசமாத்தான். தினம் அதே இடத்தையே எடுத்திருக்கீங்க, அந்த விஷயத்துல ஒழுங்கு" என்றார் டாக்டர். பல் பிடுங்கப்போகிறவர்களிடம் பேசிப் பழகிய இதமான குரல். "ஆனா கவலைப்படாதீங்க. இது இன்னும் தூரம். முந்நூறு கோடிக்கும் மேல. நம்ம குழுவுல யாரும் இவ்வளவு தூரத்தை எடுத்ததில்லை. தெரிஞ்சு எடுக்கப்போனா நீங்களும் எடுத்திருக்க மாட்டீங்க."

ஃபோனை வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை. மகள் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள். புத்தகம் குலுங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் அடக்க முடியாமல் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இவ்வளவும் பண்ணிட்டு, வேற ஒண்ணைப் படம் எடுத்திருக்கார்மா."

"அட, எங்களுக்கும் பந்து தெரியலை, உங்களுக்கும் தெரியலையாப்பா?" என்று மகள் திரும்பி அவரிடமே கேட்டாள். பல நாளைக்கு அப்புறம் அவரிடம் நேராக வந்த முதல் கேள்வி அது. அவரும் சிரித்தார். முதலில் அசடு வழியத்தான் சிரித்தார். பிறகு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. எண்ணெய்க் கையை என்ன செய்வதென்று தெரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்த வாரமே கடைக்கு ஒருவர் வந்தார். புதிதாக வீடு கட்டியவர். வாசல் கேட்டுக்கு மேலே மாட்டப் பெரிதாக ஒன்று வேண்டும், தெருமுனைவரை அடிக்க வேண்டும் என்றார். எந்தத் தெரு என்று கேட்டால், விளக்குக்காரர் வீட்டுக்குப் பின்னால்.

பழைய விளக்குக்காரராக இருந்தால் இரண்டாக விற்றிருப்பார். நடுவில் வந்த விளக்குக்காரராக இருந்தால் மென்மையான வெளிச்சத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றியிருப்பார். அவர் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். கல்லாவிலிருந்து முதலாளி வேறு பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், குல்லா வச்சது ஒண்ணு இருக்கு. கீழேதான் அடிக்கும், மேலே போகாது. அதை எடுத்துக்கறீங்களா? எனக்காகத்தான் கேக்கறேன். நான் உங்க பின்தெருதான். மாடியில டெலஸ்கோப் வச்சு கேலக்ஸி படம் எடுக்கறேன். மேலே வெளிச்சம் போனா எனக்குப் படம் கெடும்."

சொல்லிவிட்டு, சிரிக்கட்டும் என்று காத்திருந்தார். வந்தவர் சிரிக்கவில்லை. ஒன்றும் பெரிதாக ஆச்சரியப்படவும் இல்லை. விளக்கைக் கையில் வாங்கி, குல்லாவைச் சுண்டிப் பார்த்தார்.

"கேட்டுகிட்ட யார் வந்தாலும் முகம் தெரியுமா?"

"நல்லாவே தெரியும் சார். மத்ததுல கண்ணு கூசும், இதுல கூசாது."

"அப்ப இதையே போடுங்க" என்றார்.